ஐஸ் கை

அக்கா,

இன்று காலை வேலைக்கு வரும் வழியில் பேருந்துக்கு முன்னால் ஒரு மீன் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சாலை நெடுக ஒழுகியது. ஐஸும் இறாலும் கொஞ்சம் டீசலும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் முந்தானை வாடை ஓசியில் கிடைக்கும்போது விடுவேனா?

நமக்குள் சொந்தம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்துகொண்டு திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வருவாய். எங்கள் படிக்கட்டருகே கூடையை இறக்கிவிட்டு, "ஏ ஸ்கேனு! எறங்கி வாம்மே, சங்கரா வந்துகீது" என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்துவாய். நான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் என்பது தெருவுக்கே தெரிந்தது உன் தொண்டையால்தான். பேரம், அதில் ஒரு சண்டை, அப்புறம் படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு டீ. நீ மீனை வெட்டுவாய், நான் ஊர்க்கதை கேட்பேன். என் வயிற்றுக்கு நீ போட்ட சாப்பாடும் என் காதுக்கு நீ போட்ட தீனியும் சரிசமம்.

ஒரு ஞாயிறு, வெட்டிக்கொண்டிருந்த மீன் உன் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தாய், மறுபடியும் நழுவியது.

"இன்னாக்கா ஆச்சு கைக்கு?"

"ஐஸ் கைம்மே. எங்க ஆளுங்க அல்லாருக்கும் கீறதுதான்."

ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மீன் அள்ளும் பெண்களுக்கு விரல் மரத்துப்போவது புதிதில்லை. உங்கள் கூட்டத்தில் அதற்கு ஒரு பெயரும் இருந்தது, மருந்தும் இருந்தது. உப்புப் போட்ட வெந்நீரில் கையை வைக்க வேண்டும். பிறகு கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். யாருக்கு விரல் மரத்தாலும் அதே பெயர், அதே எண்ணெய். புயல் என்று படகுகள் போகாமல் ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தாய். ஐஸைத் தொடவே இல்லை, ஆனாலும் உன் விரல் தேறவில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை. நீ எண்ணெயைத்தான் கூட்டிக்கொண்டாய்.

அப்புறம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்தாய். முழங்கால் சிராய்ப்போடு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாய், "தர மெத்த மாரி கீதும்மே. கால எங்க வக்கிறேன்னே தெரில. தலய குனிஞ்சா முதுவுல கரண்ட்டு பாயுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்து ஸ்கேனுக்கு வருகிறவர்கள் இதையே வேறு வேறு சொற்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கை ஐஸில் கிடந்தால் கால் ஏன் தடுமாற வேண்டும்? நான் கேட்டதற்கு, "உனக்கு எல்லாமே வியாதிதான், பேஜாரு பண்ணாத" என்றாய். தெருமுனை கிளினிக்கில் எடுத்த கழுத்து எக்ஸ்ரேயில் 'தேய்மானம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது உனக்குப் போதுமாக இருந்தது. தலையில் கூடை சுமந்தவளுக்குக் கழுத்து தேயாமல் வேறென்ன தேயும் என்பது உன் வாதம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். அதற்குள்ளே ஓடும் தண்டுவடம் தெரியாது என்று உனக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் உன்னை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் உன் முழங்காலைத் தட்டினார், விரலை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். உன் விரல்கள் மெதுவாக, ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு திறப்பது போலத் திறந்தன. அவர் எம்.ஆர்.ஐ. எழுதினார்.

எங்கள் சென்டரில் மூக்குத்தியிலேயே முதல் சண்டை ஆரம்பித்தது. உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்றேன்.

"அவரு செத்தப்ப அல்லாத்தியும் கயிட்டினாளுங்க. இத்த மட்டும் நான் தொட வுடல. உன் மிசினுக்கோசரம் கயிட்டணுமா?"

"ஆமாக்கா. என் மெஷின் உன் ஒப்பாரிக்காரிகளை விட மோசம்."

சிரித்துவிட்டாய். சோப்பு நுரை போட்டு நான்தான் கழற்றினேன். உள்ளே படுத்தும் நீ சும்மா இருக்கவில்லை. மெஷின் சத்தம் போடப் போட, நீயும் பதிலுக்குப் பேசினாய். "இதுக்கு எங்க காசிமேட்டு போட்டு இஞ்சினே தேவல" என்று ஸ்பீக்கரில் கேட்டது. பேசினால் கழுத்து அசையும், அசைந்தால் படம் கலங்கிவிடும். முதல் படம் முழுக்கப் பாழ். மைக்கில் கெஞ்சிப் பார்த்தேன், பிறகு அதட்டினேன்: "அக்கா, எச்சில் கூட முழுங்காத. சும்மா கெட!" அன்றுதான் உன்னை முதல்முறையாக அதட்டினேன். அடங்கிக் கிடந்தாய்.

படம் திரையில் வந்தது. பக்கவாட்டில் பார்க்கும்போது தண்டுவடம் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதன் இரு பக்கமும் வெள்ளையாக நீர் தெரிய வேண்டும். உன் கழுத்தின் நடுவில் இரண்டு இடத்தில் அந்த வெள்ளை இல்லை. எலும்பும் வட்டும் இரு பக்கமிருந்தும் நெருக்கி, பட்டை நடுவில் இடுப்புப் போலக் குறுகியிருந்தது. குறுகிய இடத்தில், பட்டைக்கு உள்ளேயே, இருக்கக் கூடாத ஒரு வெள்ளைக் கறை. நரம்பு அடிபட்டதன் அடையாளம் அது. எத்தனையோ பேருக்குப் பார்த்ததுதான். உனக்கு என்றதும் மூலையில் இருந்த பெயரை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் மூக்குத்தியைத் திரும்பப் போட முயன்றாய். திருகாணி நழுவிக்கொண்டே இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாய். நான் போட்டுவிட்டபோதுதான் பார்த்தாய்.

"இன்னா கீது உள்ள?"

"ரிப்போர்ட் டாக்டர் குடுப்பாருக்கா. நான் சொல்லக் கூடாது."

"உன் மூஞ்சியே சொல்லுதேம்மே."

எங்கள் தொழிலில் முகம் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் பழகியிருந்தேன். உன்னிடம் அந்தப் பழக்கம் செல்லவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆபரேஷன் செய்தால் மேலும் நசுங்காமல் தடுக்கலாம். போனதில் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. செய்யாவிட்டால் நடை போகும், பிறகு மற்றதும் போகும். நீ வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாய். கழுத்தில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று உன் தெருவில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு நீ கூடையில்லாமல் வந்தாய். பிலிமை என் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொன்னாய். எனக்கு அப்போது தோன்றிய உதாரணம் பாவாடை நாடாதான். "துணிக்குள்ள நாடா ஓடுதில்ல, அந்த மாதிரி எலும்புக்குள்ள இது ஓடுதுக்கா. இங்க துணி சுருங்கி நாடாவ இறுக்குது" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"அப்ப தையலப் பிரிச்சி வுட்டா நாடா ஓடும்ன்ற."

"அதத்தான் டாக்டரு செய்யறேன்றாரு."

அப்புறம்தான் அதைச் சொன்னாய். மெல்லிய குரலில். உன்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "ஜாக்கெட்டு ஹூக்கு என் மருமவதாம்மே போட்டு வுடறா. ரொம்ப நாளா. நல்ல பொண்ணு, மூஞ்சி சுளிக்கல. ஆனா நாளிக்கு சோறும் அவதான் ஊட்டணும். அப்பால மத்ததும். ரெண்டு புள்ளைங்கள இந்தக் கையால வளத்தவ நான்." பிலிமை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். "நீயா இருந்தா செஞ்சிப்பியா?"

இதற்கு எந்த டெக்னீஷியனும் பதில் சொல்லக் கூடாது. "நாளைக்கே செஞ்சிப்பேன்கா" என்றேன். நீ ஆபரேஷனுக்குச் சம்மதித்தாய்; அது முடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் உன் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

ஆகவில்லை. கால் நன்றாகவே திரும்பியது. இடது கை தேறியது. வலது கையில் இரண்டு விரல் கடைசி வரை முழுதாக வரவில்லை. தலையில் கூடை கூடாது என்றார்கள். அதனால் கூடை ஷேர் ஆட்டோவில் ராணி மாதிரி வந்தது, நீ பக்கத்தில் தோழி மாதிரி வந்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஞாயிறு சங்கராவை அரிவாள்மனையில் வைத்து வெட்ட ஆரம்பித்தாய். ஒரு மீனுக்கே அவ்வளவு நேரமானது. செதில் பாதி போனது, பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் கையை நீட்டினேன்.

"எடு கைய! உன் மிசின்ல நான் சும்மா கெடந்தேன்ல? இப்ப நீ சும்மா குந்து."

சும்மா உட்கார்ந்தேன். அக்கா, அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. வேகமான இரண்டு கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவான இரண்டு கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. முடித்ததும் நிமிர்ந்து, "ஹூக்கும் நானேதான் போட்டுகினேன் இன்னிக்கி" என்றாய். குழம்பில் செதில் வந்தது. என் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். நான் மொத்தத்தையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் உன் குரல் எங்கள் தெருவில் கேட்டது. பிறகு ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அன்றும் யாரையும் கூப்பிடாமல் நீயே ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் ஏலத்துக்குக் கிளம்பினாயாம். உன் மருமகள் அழுதுகொண்டே சொன்னாள்.

எங்கள் சென்டரில் ஸ்கேன் முடிந்து உடை மாற்றச் சிலருக்கு நேரமாகும். வெளியே அடுத்தவர் காத்திருப்பார். மேனேஜர் எட்டிப் பார்ப்பார். முன்பெல்லாம் திரையை விலக்கிப் போய்ச் சட்டென்று நானே மாட்டிவிட்டு அனுப்பிவிடுவேன். இப்போது கூப்பிட்டால்தான் போகிறேன். கூப்பிடாதவர்களுக்காகத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். உள்ளே ஒரு ஹூக்கு நழுவுகிறது, மறுபடி தேடுகிறார்கள், வளையல் சத்தம் கேட்கிறது. "இன்னும் ஆகலையா?" என்கிறார் மேனேஜர். "அவங்களே போட்டுக்கறாங்க சார்" என்கிறேன்.