தையல் மிஷின் டிராயரில் ஒரு பாஸ்வேர்டு

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நடுவில் கிடைக்கிற நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதேபோல, சண்டையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சுகமாக இருக்க வேண்டும். அப்பா கையெழுத்தில் கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மாவின் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்திருக்கிறது, ஆபரேஷனில் போட்ட கழுத்துத் துளையும் சுத்தமாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். காகிதத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த மூன்று மாதமாக நீ போன் செய்தபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருக்கவில்லை. கூடத்தில் அம்மாவுக்குப் பின்னால் நாற்காலியில்தான் இருந்தேன். அப்பா எங்கே என்று நீ கேட்டதும் நான் கையால் ஜாடை காட்டுவேன், அவள் என்னை முறைத்துக்கொண்டே டைப் அடிப்பாள், கம்ப்யூட்டர் அவள் குரலில் அப்பா குளிக்கிறார் என்று சொல்லும். ஒரு மனுஷன் ஞாயிறுதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு அப்படி என்ன குளிப்பான் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டேதான் விட்டிருப்பாய்.

என் கோபம் எதற்கு என்பது உனக்குத் தெரிந்ததுதான். லீவில் வந்தவள் ஒரு வாரம் எங்கேயும் போகாமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து, அதில் எனக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு ஒரு பக்கம் என்று பாகம் பிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹார்ட் டிஸ்கை மாட்டிப் பிரதி எடுத்துவிட்டு உடனே கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாய். அதெல்லாம் சரி. புதிதாக எதையாவது கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு பாஸ்வேர்டு வேண்டும் என்று வைத்து, அந்தப் பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி அம்மாவிடம் கொடுத்தாய் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. வாங்கியவன் நான், தினமும் தூசி தட்டுகிறவன் நான், என் வீட்டிலேயே என்னை வாடகைக்கு வைத்துவிட்டாயா என்று கத்தினேன். நீ திருப்பிக் கத்தவில்லை. கம்ப்யூட்டர் உங்களோடதுதாம்பா, ஆனா உங்க பேரைச் சொல்லிக்கிட்டு வேற எவனாவது உள்ள வந்துட்டா என்ன பண்ணுவீங்க, அதுக்குள்ள அம்மா குரல் இருக்கு என்று மட்டும் சொன்னாய். அந்தக் கடைசி நாலு வார்த்தை அன்றைக்கு என் காதில் ஏறவே இல்லை.

ஏறியிருக்க வேண்டும். குரல்வளையை எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால், குரலைச் சேமித்து வைப்பதற்காக ஏழு வாரம் அவள் அந்த மைக் முன்னால் உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியம் படித்தபோது பக்கத்தில் இருந்தவன் நான்தானே. தெருச் சத்தம் வராமல் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் படித்தாள். பேச்சுப் பயிற்சி டீச்சர் கொடுத்த பட்டியலில் இல்லாத ஒன்றையும் அவளே சேர்த்துக்கொண்டாள், ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது என்று. இப்போது அது ஒரே பட்டனில் வருகிறது, அன்றைக்கு இருந்த அதே எரிச்சலோடு. அடுத்த வீட்டுக்காரர் என்னைப் படியில் பார்த்தால் துண்டை எங்கே சார் போட்டீங்க என்று விசாரிக்கிறார். தொண்டையில் இருந்த குரல் கம்ப்யூட்டருக்குக் குடி போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று நாம் மூன்று பேரும் மனதைத் தேற்றிக்கொண்டோம் இல்லையா.

இனி நடந்ததைக் கேள். போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிப் பெயரில் எனக்கு ஒரு மெயில் வந்திருந்தது. உங்கள் மனைவியின் பரிசோதனை முடிவு, அவசரம், உடனே திறக்கவும் என்று. ரத்தம் எடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. திறக்கச் சொன்ன இடத்தில் அழுத்தினேன். முடிவுக்குப் பதிலாக ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டது. உன் பிறந்த தேதியைப் போட்டேன், இல்லை. அம்மா பிறந்த தேதி, இல்லை. செத்துப்போன நம் பூனையின் பெயரைக்கூடப் போட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை என்றதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உறை தையல் மிஷின் டிராயரில், பாபின்களுக்கு அடியில் இருக்கிறது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். எடுக்கப் போனால் உன் அம்மா டிராயர் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். உன் ரிசல்ட்டுதான் வந்திருக்கு, நகரு என்றேன். அவள் நிதானமாகக் கூடத்துக்கு வந்து, தன் பக்கத்துக்கு மாறி, டைப் அடித்தாள். ரிசல்ட்டு என்னோடது, பயப்பட வேண்டியவ நானு, நீங்க ஏன் குதிக்கிறீங்க, அவகிட்ட போன் பண்ணிக் கேளுங்க, கேக்காம தர மாட்டேன் என்றது கம்ப்யூட்டர். அவள் குரலில் அவள் பிடிவாதம், அட்சரம் பிசகவில்லை.

உனக்குப் போன் செய்வதா? மூன்று மாதம் குளித்தவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருவது? செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே கிளம்பிவிட்டேன், முடிவைக் கையில் வாங்கிவிடலாம் என்று. பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பதற்காக இரண்டு பஸ் மாறிப் போனவன் நான். வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா.

பதிவு மேஜையில் இருந்த பெண்மணி நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, நீங்களும் மெயிலப் பாத்துட்டு வந்தீங்களா, நாங்க அப்படி எதுவும் அனுப்பல சார், திறந்துடாதீங்க, காலையிலேர்ந்து நீங்க ஏழாவது ஆளு என்றார். பக்கத்து பெஞ்சில் நம் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அதே வாரம் ஆபரேஷன் ஆனவர், பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் நிறுத்தங்களின் பெயரைக் கூவியவர், அவரும் அம்மாவைப் போலவே குரலைப் பதிவு செய்து வைத்திருந்தவர், உனக்கு நினைவிருக்கும். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்தக் கட்டமும் வந்து மறிக்கவில்லை. அழுத்தினார், திறந்துகொண்டது, பத்து நிமிஷத்தில் உள்ளே இருந்த அத்தனையையும் அந்த வைரஸ் பூட்டிவிட்டது, குரலையும் சேர்த்து. பிரதி எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. மடியில் இருந்த ஸ்லேட்டை என் பக்கம் திருப்பினார். இனிமே பேச முடியாது என்று எழுதியிருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஸ்லேட்டை உன் அம்மா கையில் நினைத்துப் பார்த்தேன், அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

பெஞ்சுக்கு எதிரே லிஃப்ட். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், இருக்கிற கவலையில்கூடக் கதவு மூடுகிற சத்தத்தை வைத்து எண்ணெய் போட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று கணிக்கிறேன், பழக்கதோஷம். அப்போதுதான் அந்த ஜவுளிக்கடை முதலாளி ஞாபகம் வந்தது. அவர் கடை மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மெஷின் ரூமின் சாவி எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும், அதைக் கேட்டு மல்லுக்கு நின்றார், என் கட்டடம், என் லிஃப்டு, எனக்கே சாவி கிடையாதா என்று. சாவி உங்ககிட்ட இல்லாததாலதான் சார் உங்க லிஃப்டு ஒழுங்கா ஓடுது என்றேன். நீ அப்போது மூன்றாம் வகுப்பு, என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய், வீடு வந்து சேரும்வரை அவர் மாதிரியே பேசிக் காட்டிச் சிரித்தாய். அவர் என்னிடம் கத்தியதையே வார்த்தை மாறாமல் நான் உன்னிடம் கத்தியிருக்கிறேன். நீ செய்ததெல்லாம் உன் அப்பனிடம் கற்றுக்கொண்டதைத்தான். அன்றைக்கு அந்த பெஞ்சில் எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்ததோ அவ்வளவு பெருமையாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து மூக்கை உறிஞ்ச வைத்துவிட்டன. கண்டக்டர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார் பார், தன் துக்கத்தை விட்டுவிட்டு.

மறுநாள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். அம்மாவின் பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்கும் சுத்தம். மெயிலில் வந்தது வாசலிலேயே நின்றுவிட்டது. யார் சார் இதை இப்படிப் பிரிச்சு வெச்சது, எனக்குப் பாதி வேலையே இல்லாம பண்ணிட்டாங்களே என்றார். என் பொண்ணு என்றேன். கேட்காமலேயே இரண்டாம் தடவையும் சொன்னேன். ஆனால் என் பக்கத்தில் வேறு ஒன்று அகப்பட்டது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு இலவசச் சதுரங்க விளையாட்டை இறக்கினேன், அது என் பக்கத்துக்குள் மட்டும் ஏறிக்கொள்கிற ரகமாம், பாஸ்வேர்டெல்லாம் கேட்கவில்லை, நானும் உன்னை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அதோடு ஒட்டிக்கொண்டு வேவு பார்க்கும் புரோகிராம் ஒன்றும் வந்திருக்கிறது. நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து எவனுக்கோ அனுப்பிக்கொண்டிருந்ததாம். அந்தப் பெண் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டோம். அது மட்டும் அம்மாவின் பக்கத்தில் நுழைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். அவளுக்கு டைப் அடிப்பதுதானே பேச்சு. வீட்டுக்குள் அவள் பேசும் அத்தனையையும் முகம் தெரியாத ஒருவன் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருப்பான். நடுவில் நீ எழுப்பிய சுவர் அவனை என்னோடு நிறுத்திவிட்டது.

கண்டக்டருக்கும் கொஞ்சம் நல்ல காலம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி டீச்சரின் கம்ப்யூட்டரில் அவர் முதலில் படித்த அறுநூறு வாக்கியம் தங்கியிருந்தது, அதை வைத்து மறுபடியும் பேச வைக்கிறார்கள், சில வார்த்தை இடறுகிறது, ஆனால் அவர் குரல்தான். நான் இரண்டு புதன்கிழமையாக அவர் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரைக் காப்பாற்ற என்னென்ன செய்ய வேண்டும் என்று நீ எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து தருகிறேன். அந்தப் பட்டியல் மேல் நான் காலண்டரை மாட்டி மறைத்திருந்தேன், இப்போது காலண்டரைச் சமையலறைக்கு மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்கும் பிரதி எடுத்து வைத்திருக்கிறாயா என்று பார்த்துக்கொள், அவர் கண்டதையும் இறக்குகிறவர், என் கட்சி. நேரத்துக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, உனக்குக் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகிறது.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து நான் அப்படி என்னதான் தட்டிக்கொண்டிருந்தேன் தெரியுமா? உனக்குக் கடிதம். பதினொரு தடவை எழுதினேன். அப்பா தெரியாமல் கத்திவிட்டேன் என்று ஆரம்பிப்பேன், பாதியில் ரோஷம் வந்துவிடும், அழித்துவிடுவேன். நான் அழித்தால் என்ன, ஒவ்வொரு எழுத்தும் அவனுக்குப் போயிருக்கிறதே. மகளிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் ஒரு கிழவன் திண்டாடியதை எங்கேயோ ஒரு திருடன் பதினொரு தடவை படித்திருக்கிறான், நீ ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அது அநியாயமாகப் பட்டது. போன ஞாயிறு நீ கூப்பிட்டபோதே சொல்லிவிடலாம் என்று போன்வரை கையைக் கொண்டுபோனேன், கையை இழுத்துக்கொண்டு குளிக்கத்தான் போனேன், அன்றைக்கு மட்டும் நிஜமாகவே. அதனால் யாரும் அழிக்க முடியாதபடி பேனாவில் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு, கண்ணு. உன் அம்மா குரலை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தாய். காலையில் துண்டுக்காகத் திட்டு வாங்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன், சில நாள் வேண்டுமென்றேகூடக் கட்டிலில் போடுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நூறு வயது இருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, அவள் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள். உறை தையல் மிஷின் டிராயரிலேயே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். ஞாயிறு நாலு மணிக்கு மறக்காமல் போன் செய். அன்றைக்கு நான் காலையிலேயே குளித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா