ஏணிக்குக் கீழே நின்று கேட்டவர்கள்

1994 ஏப்ரல் 11
இங்கே இத்தாலியில், வில்லாவில் என்னோடு தோட்ட வேலை செய்யும் மூன்று பேரும் இசைக்குழு தொடங்குகிறார்களாம். எழுபதுகளில் ஊரில் கேட்ட பழைய பொப் பாட்டுகள்தானாம். அகஸ்ரினுக்கு மண்டலின், சுவாம்பிள்ளைக்கு டோலக், மொரீசியஸ்காரன் தியோவுக்குக் கிற்றார். தியோவுக்குத் தமிழ் வராது. ஆகவே பாட்டைக் கெடுக்காதவன் அவன் ஒருத்தன்தான்.

ஏப்ரல் 14
சாப்பாட்டு நேரத்தில் தோடம்பழ மரத்தடியில் பழகினார்கள். வில்லா நாய் எழும்பிப் போய்விட்டது. நாய்க்குக் காது இருக்கிறது.

ஏப்ரல் 20
என்னைப் பாடக் கேட்டார்கள். எப்படி? நான் ஏணியில் நின்று பேரீச்சை மட்டை வெட்டிக்கொண்டிருக்க, அகஸ்ரின் கீழே நின்று கத்துகிறான். "பெனடிக்ற் அண்ணை, அந்தோனியார் பெருநாளுக்கு எங்களோட பாடுறீங்களோ?"
மன்னாரில் மேடை மேடையாகப் பாடினவன் நான். பாட்டுக்காரனை வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து கேட்பதுதான் முறை. "ஏலாது" என்றேன். முதல் தரம் எல்லாரும் அப்படித்தானே சொல்வது? அவனோ "சரி அண்ணை" என்று போய்விட்டான். சரியாம்.

ஏப்ரல் 27
திரும்பக் கேட்கவில்லை. காட்டான்கள்.

மே 8
ஞாயிறு. வீட்டைக் கூட்டி வைத்தேன். ஆர் வருகினம் என்று மனுசி ஜூலி கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். ஒருவரும் வரவும் இல்லை.

மே 15
என்னை விட்டால் பலெர்மோவில் இந்தப் பாட்டுகளைப் பாட யார் இருக்கிறார்கள்? பாட ஆசைதான். என்னுடைய கொப்பியில் ஏன் மறைக்கவேண்டும்? ஆனால் நானாகப் போய்க் கேட்பேனா — செத்தாலும் மாட்டேன்.

மே 22
வந்தார்கள். மூன்று பேரும் தலை தோய்ந்து, சேட்டு மினுக்கி, ஒரு தட்டுக் கன்னோலி இனிப்போடு போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, நாலு மாடியும் ஏறி, கதிரையில் இருந்தார்கள். முறை தெரியும் போலிருக்கிறது. முதல் தரம் மறுப்பதற்காகத் தொண்டையைச் செருமினேன்.
அகஸ்ரின் என்னைத் தாண்டிக் குசினிப் பக்கம் பார்த்தான்.
"அக்கா, பூசையில நீங்கள் பாடேக்கை கேட்டனாங்கள். பெருநாளுக்கு எங்களோட பாடுவீங்களோ?"
ஜூலி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
"ஓம். எப்ப பழகுறது?"
ஒரு தரம், ஒரேயொரு தரம் மறுத்தால் என்ன இவளுக்கு? எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கன்னோலியும் நல்லாயில்லை. நாலு தின்றேன்.

மே 29
குசினியில் பாடிப் பார்க்கிறாள். இரண்டாம் அடியை இழுக்கிறாள். திருத்தவில்லை. என்னைக் கேட்டாளா?

ஜூன் 12
பெருநாள். மண்டலின் சுதி சேரவில்லை, டோலக் முந்தி ஓடியது. ஜூலி பயமில்லாமல் பாடினாள். சனம் ஆடியது. எதைப் போட்டாலும் ஆடுகிற சனம்தான். மூன்றாவது பாட்டுக்குக் கடைசி வரிசையில் நின்று நானும் சேர்ந்து பாடிவிட்டேன். பாடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.