குரல் இல்லாத சமிக்ஞை

மார்ச் 11, செவ்வாய்

தீயணைப்புத் துறையின் அலைவரிசையில் காலை முதல் ஒரு சமிக்ஞை. குரல் இல்லை, வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினால் எழும் வெற்று அலை மட்டும். பத்து விநாடி, பிறகு அமைதி, பிறகு இருபது விநாடி. அது எழும்போதெல்லாம் தீயணைப்பு வண்டிகளின் பேச்சு அடிபட்டுப்போகிறது. நண்பகலில் ஒரு வண்டி தவறான தெருவுக்குப் போய் நின்றது.

எங்கள் அலைவரிசைக் கண்காணிப்பு நிலையத்தின் இயக்குநர் — என்னிடம் பயிற்சி பெற்று என் தலைக்கு மேல் ஏறியவர் — "எவனோ வேலையத்தவன் சார். பிடிச்சு உள்ள தள்ளிடலாம்" என்றார். எங்கள் வண்டி ஓட்டுநர் முனகினார்: "விளையாடுறவன்னா ஒரு பாட்டாவது போடுவான் சார். இவன் வாயே திறக்கலையே." அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்றேன்.

மாலையில் நானே ஒலிவாங்கியை எடுத்தேன். அழுத்துபவர் குற்றம் புரிகிறார், இருப்பிடம் கண்டறியப்படும், தண்டனை சிறை என்று சட்டப்பிரிவோடு வாசித்தேன். உடனே நாற்பது விநாடி இடைவிடாத அலை. என்ன திமிர்! 'எச்சரிக்கையை மீறிய சவால்' என்று பதிவேட்டில் எழுதினேன்.

மார்ச் 12

மூன்று இடங்களில் வண்டியை நிறுத்தித் திசை ஆண்டெனாவைச் சுழற்றினோம். வரைபடத்தில் மூன்று கோடுகளும் பதினொரு மாடிக் குடியிருப்பு ஒன்றில் சந்தித்தன. போலீஸ் வீடு வீடாகப் புகுந்தது. ஒரு கிழவரின் பழைய வானொலிப் பெட்டியைப் பறிமுதல் செய்து படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுக்கும்போதே அலை வந்தது.

ஆண்டெனாவோடு கட்டடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தேன். அங்கே அலையே இல்லை. முன்புறம் மட்டும் உரக்க வருகிறது. அப்படியானால் கட்டடம் வெறும் கண்ணாடி. அலை எதிரிலிருந்து வந்து அதில் பட்டுத் திரும்புகிறது. மூன்று இடங்களையும் ஒரே பக்கத்தில் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

எதிரே மாவு ஆலை. உயரமான எஃகுத் தானியத் தொட்டிகள். பராமரிப்புக்காக நேற்று முன்தினமே மூடிவிட்டார்களாம். "உள்ள ஈ காக்கா கிடையாது சார். எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயாச்சு" என்றார் வாயிற்காவலர். அனுமதி இல்லாமல் பூட்டைத் திறக்க மாட்டாராம்.

இயக்குநரிடம் சொன்னேன். "நீங்கதானே சார் அந்தக் கட்டடம்னு கோடு போட்டுக் குடுத்தீங்க? மேல சொல்லிட்டேன். இப்ப மாத்துனா நம்ம மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

அவருக்கு முகம் என்று ஒன்று இருப்பது எனக்குப் புதிய செய்தி.

மார்ச் 13

காலை 9.40. இரண்டு விநாடி. அதன்பின் இல்லை.

ஆலையைத் திறக்க அனுமதி கேட்டு நான் அனுப்பிய கடிதம் மேசை மேசையாக உட்கார்ந்து இளைப்பாறுகிறது.

மார்ச் 14

திறந்தார்கள். நான்காவது தொட்டி. மேல்மூடி திறந்திருந்தது, அலை அந்த வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது. அடியில் ஒரு மனிதர். துப்புரவுக்கு இறங்கியபோது ஏணி கழன்றிருக்கிறது. இரண்டு கால்களும் முறிந்திருந்தன. வெளியேறும் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கையெழுத்திட்டவர் மேஸ்திரி. உயிர் போய் ஒரு நாள் ஆகிறது என்றார் மருத்துவர்.

கையில் வாக்கிடாக்கி. ஆலையின் அலைவரிசையில் ஆளில்லாததால், மனிதக் குரல் கேட்கும்வரை குமிழைத் திருகியிருக்கிறார். தீயணைப்பு வண்டிகளின் குரல் கிடைத்தது. பேசும் துளையில் மாவு இறுகிக் கிடந்தது. கத்தியிருப்பார். அலை வந்தது, சொல் வரவில்லை.

பணிமனையில் அதைச் சோதித்தேன். ஒலிபெருக்கியில் பழுதில்லை.

கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவன் "கைய எடுடா நாயே" என்றதை. என்னை. அந்த நாற்பது விநாடியை — திமிர் என்றா எழுதினேன்? 'கேட்டால் இரண்டு முறை அழுத்துங்கள்.' நான்கு சொல். நாலே நாலு சொல். முப்பது வருஷமா இதையே படிச்சுக் கிழிச்சியேடா, ஒரு கேள்வி கேக்கத் தோணலையா உனக்கு?

மார்ச் 17

"கண்டுபிடிச்சதே நீங்கதானே, உங்க மேல என்ன தப்பு?" என்கிறாள் மனைவி.

மார்ச் 19

இயக்குநர் தயாரித்த அறிக்கை: 'தொழில்நுட்பக் காரணங்களால் நேர்ந்த தாமதம்.' "கையெழுத்துப் போட்டுடுங்க சார். ரிட்டயர் ஆகுற வயசுல எதுக்கு வம்பு?"

போடவில்லை. ஒலிப்பதிவு முழுவதையும் என் அறிக்கையோடு விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன். இயக்குநர் சொன்னவை சொன்னபடியே அதில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், என் எச்சரிக்கை.

மார்ச் 24

இறந்தவரின் மனைவி ஒலிப்பதிவைக் கேட்க வந்தார். "அதுல அவர் குரல் இல்லம்மா. வெறும் இரைச்சல்தான்" என்றேன்.

"இருக்கட்டும் சார். அவர் அழுத்துனதுதானே. போடுங்க."

நாற்காலியை ஒலிபெருக்கிக்கு அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் எச்சரிக்கை தொடங்கியதும் ஓட்டுநர் அணைக்கக் கை நீட்டினார்; தடுத்தேன். சட்டப்பிரிவு வரை முழுவதும் ஓடியது. பிறகு நாற்பது விநாடி.

"பேசுறது யாரு சார்?"

"நான்தாம்மா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"மறுபடி போடுங்க. உங்களோடது வேணாம். அதுக்கப்புறம் வருதே, அது மட்டும்."

ஆறு முறை போட்டேன்.