ஓவசியர் சபாநாதரின் மகன்

ஸ்டுட்கார்ட்
18.04.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

தக்சாயினி எழுதுகிறேன். நானும் ஐங்கரனும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஊருக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்ட பூச்சு மருந்து கிடைத்ததா? அதை நீங்கள் பூசாமல் அலுமாரியில் பத்திரப்படுத்தியிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா என்ன. பூசுங்கள் அம்மா. முடிந்தால் இன்னொன்று அனுப்புவேன்.

உங்கள் கடிதம் ஈஸ்டருக்கு முதல் கிழமை வந்தது. மதுமதிக்கு ஆவணியில் கல்யாணம் என்று வாசித்த சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த பருப்பை மறந்துவிட்டேன். கரிந்த பருப்பை ஐங்கரன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். மாப்பிள்ளை பொறுமைசாலி என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கச்சியின் வாய்க்கு அதுதான் முதலில் வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் நான் பல தடவை வாசித்தேன். கல்யாணத்துக்கு நீ மட்டும் வா, அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சனத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். எழுத்து உங்களுடையது, சொல் அப்பாவுடையது. ஐங்கரன் எந்தச் சாதி என்று தெரியவந்த நாளிலிருந்து, இந்த இரண்டு வருடமும், அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது என்னை மட்டும் வரச் சொல்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுப்பு என்பதும் எனக்கு விளங்குகிறது.

அதற்கு ஓம் அல்லது இல்லை என்று ஒரு வரியில் எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த லீவில் நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டிருந்தீர்களே, அந்தக் கதையை முதலில் சொல்கிறேன். என் கடிதங்களை நீங்கள் வாசிக்கும்போது அப்பா பக்கத்தில் பத்திரிகையோடு இருப்பார் என்றும், வாசித்து முடியும்வரை ஒரு பக்கமும் திரும்பாது என்றும் மதுமதி எனக்குச் சொல்லிவிட்டாள். ஆகவே இன்றைக்குக் கொஞ்சம் உரக்க வாசியுங்கள்.

கல்யாணம் செய்த பிறகு நாங்கள் போன முதல் பயணம் இதுதான். ஐங்கரனுக்குப் பயணம் என்றால் பைத்தியம். இங்கே அகதி வழக்கு முடியாமல் கிடந்த வருடங்களில் அவர் தன் மாவட்டத்தைவிட்டு வெளியே போவதற்கும் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ரயில் வரைபடத்தைப் பார்த்தே ஜெர்மனி முழுக்கச் சுற்றிவிட்டாராம். இப்போது காகிதம் சரி, வேலை சரி, போகலாம் என்றதும் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ரைன் ஆற்றில் கப்பலில் போனோம். அவர் மலைமேல் இருந்த ஒவ்வொரு கோட்டைக்கும் பெயர் சொன்னார், நான் குளிரில் நடுங்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கப்பலில் தேநீர் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு டார்ம்ஸ்டாட்டில் ஒரு சின்ன ஓட்டலில் தங்குவதாக இருந்தோம். அங்கேதான் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி புஷ்பமலர் மாமி இருக்கிறார். நான் மரியாதைக்குப் போன் எடுத்தேன். வந்தது வினை. "சொந்தக்காரர் இருக்க ஓட்டலிலை படுக்கிறதோ? கேட்டாச் சனம் சிரிக்கும். நேரை இஞ்சை வாங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மாமா இரவு வேலைக்குப் போயிருந்தார். மாமி மட்டும்தான் வீட்டில்.

உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றி முடியவில்லை, மாமி தொடங்கிவிட்டார். "தம்பி, ஊரிலை எவ்விடம்?" என்றார். அந்தக் கேள்வி எதற்கென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஐங்கரனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவர் மறைக்கவில்லை. ஊரைச் சொன்னார், கோயிலுக்குக் கிழக்கே என்றார், அப்பாவின் பெயர் சபாநாதன் என்றார். மாமி கையைத் தட்டி, "ஓவசியர் சபாநாதற்றை மகனோ! எங்கடை ஐயாவும் அவரும் ஒண்டாப் படிச்ச ஆக்களெல்லோ" என்று கூவினார். அந்த ஊரில் இரண்டு சபாநாதன் இருந்திருக்கிறார்கள். ஒருவர் ரோட்டு வேலைகளை மேற்பார்த்த மாடிவீட்டு ஓவசியர். மற்றவர் பனை ஏறிச் சீவி, வீட்டுக்காரர் ஊற்றும் தண்ணீரைப் படலைக்கு வெளியே நின்று கையில் ஏந்திக் குடித்தவர். மாமிக்கு ஒருவரைத்தான் தெரிந்திருந்தது.

ஐங்கரன் இல்லையென்று சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தார். முதல் தடவை மாமி அவரைப் பிடித்து மாமாவின் கதிரையில் இருத்தினார். இரண்டாவது தடவை இடியப்பத்தை வைத்து வாயை அடைத்தார். பிறகு பேச்சு மாமியுடையதுதான். "மகாதேவி மச்சாளின்ரை மூத்தவள் ஆரோ கண்டவனைக் கட்டிப்போட்டாள் எண்டு சனம் கதைச்சது. பார், எவ்வளவு பொய்" என்றார். வெளிநாட்டில் என்றாலும் ஆட்களைப் பார்த்துத்தான் பழக வேண்டும், எல்லாரையும் அடுப்படிக்குள் விட ஏலாது என்றார். அந்த நேரமே உங்களுக்குப் போன் எடுத்து வாழ்த்துச் சொல்லவும் பார்த்தார். நல்ல வேளை, லைன் கிடைக்கவில்லை.

நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்பீர்கள். மேசைக்குக் கீழே ஐங்கரனின் காலை அழுத்தி, விடுங்கள் என்று சைகை செய்ததே நான்தான். என் புருஷனுக்கு என் சொந்தத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று பரிமாறுவதை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன் அம்மா. இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ தம்பி, சம்பல் உறைப்போ தம்பி என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். பொய்யென்று தெரிந்தும் எனக்கு அது இனித்தது.

காலையில் மாமி தன் மூடிப்பெட்டி நிறைய இடியப்பமும் சம்பலும் வாழைக்காய்ப் பொரியலும் கட்டித் தந்தார். ஹைடெல்பேர்க்குக்கு ரயில் ஏறினோம். அங்கே பெரிய கோட்டை பார்ப்பதுதான் திட்டம். இறங்கினதும் மழை கொட்டியது. பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருவில் குடை திரும்பிப்போய் நின்றபோது எனக்குக் கழிப்பறை அவசரம். திறந்திருந்த ஒரு கட்டடத்துக்குள் ஓடினேன். உண்மையைச் சொன்னால், அந்த அருங்காட்சியகத்துக்குள் நாங்கள் போனது அப்படித்தான்.

சின்டி, ரோமா என்று ஓர் இனத்து மக்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஹிட்லர் காலத்தில் யூதர்களைப் போலவே இவர்களையும் முகாம்களில் அடைத்துக் கொன்றார்கள். அவர்களின் வரலாறும், பிறகு உரிமை கேட்டுப் போராடிய கதையும்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். முதல் படங்களைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். சோகமான படங்கள் இல்லை அவை. கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம், வயலினோடு ஒரு பிள்ளை, நல்ல உடுப்பு உடுத்து வரிசையாக நிற்கும் ஒரு குடும்பம். எங்கள் வீட்டு ஆல்பத்தில் செருகிவிட்டாலும் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அடுத்த அறைக்குப் போனால் அந்த முகங்களில் பல இல்லை.

அங்கே ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் அந்த மக்களில் ஒருவர். எனக்கு விளங்கியது பாதி, ஐங்கரன் காதுக்குள் தமிழில் சொன்னது பாதி. அவருடைய அப்பா முகாமிலிருந்து உயிரோடு திரும்பினவர். போர் முடிந்த பிறகும் இந்தச் சனத்துக்கு வீடு கொடுக்க ஆட்கள் பின்னடித்தார்களாம். ஆகவே அவர் தாங்கள் இத்தாலிக்காரர் என்று சொல்லி ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறார். வீட்டுக்கார அம்மாள் தங்கமான மனுஷி. அந்த இத்தாலிக் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கேக் செய்து கொடுப்பாராம். அப்பா சிரித்து வாங்குவாராம், ஆனால் ஒரு துண்டும் வாயில் வைக்கமாட்டாராம். சொந்தத் தங்கச்சிகளை வீட்டுக்கு வரவிடாமல் ரயில் நிலையத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

பிறகு எண்பதாம் ஆண்டு ஈஸ்டர் சமயம், இவர்களில் சிலர் பழைய டாஹௌ முகாமில் போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். எங்களுக்கு நடந்ததை நடந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள், இன்னும் எங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்தாதீர்கள் என்று கேட்டார்கள். டிவியில் அதைப் பார்த்துவிட்டு அந்த அப்பா அடுத்த நாள் காலையில் படியிறங்கிப் போய், நாங்கள் இத்தாலிக்காரர் இல்லை, சின்டி என்று வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லிவிட்டாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் உடைந்த ஜெர்மனில், அந்த அம்மாள் என்ன செய்தார் என்று கேட்டேன். விளக்கம் சொன்ன பெண் சிரித்தார். அடுத்த ஞாயிறு கேக் வரவில்லையாம். அதற்கடுத்த ஞாயிறு வந்ததாம். அன்றைக்கு அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டாராம்.

வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. தெருவோர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து நான் மாமியின் பெட்டியைத் திறக்கப் போனேன். ஐங்கரன் என் கையைப் பிடித்தார். "இது ஓவசியற்றை மகனுக்குக் கட்டின சாப்பாடு தக்சா, எனக்கில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பசியோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. நான் அந்தத் தெருவிலேயே அழுதேன். போனில் சொல்லிவிடலாம் என்றேன். முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் நின்றார். கோட்டையைப் பார்க்காமல் திரும்பவும் டார்ம்ஸ்டாட்டுக்கு ரயில் ஏறினோம்.

மாமி கதவைத் திறந்து, என்ன மறந்துபோனீர்கள் என்று கேட்டார். ஐங்கரன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, தான் ஓவசியரின் மகன் இல்லை என்றார். தன் அப்பா யார், என்ன தொழில் செய்தார் என்று சொன்னார். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கோ, சாப்பாட்டை நாங்கள் தொடவில்லை என்று பெட்டியை நீட்டினார். மாமியின் முகம் சுருங்கிப்போனது. பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். வாருங்கள் போவோம் என்று நான் ஐங்கரனின் கையை இழுத்தேன். அவர் அசையவில்லை.

கடைசியில் மாமி வந்து, "இடியப்பம் காஞ்சுபோச்சு, தண்ணி தெளிச்சுச் சூடாக்கியிருக்கிறன். வந்து இருங்கோ தம்பி" என்றார். இருந்தோம். அதே மேசை, அதே கோப்பை. சாப்பிடும்போது, "கொப்பர் இருக்கிறாரோ?" என்று கேட்டார். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது அப்பா வழியில் உயிர் விட்டார் என்று ஐங்கரன் சொன்னார். தன் ஐயாவும் அதே வழியில்தான் போனார் என்றார் மாமி.

மாமி ஒரே நாளில் மாறிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். எங்களோடு இருந்து சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் போகும்போது ஐங்கரனைப் பார்த்து, "அடுத்த முறை சொல்லிப்போட்டு வாங்கோ, ஏதும் நல்லதாச் சமைச்சு வைப்பன்" என்றார். ரயிலில் ஐங்கரன் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிப் போனார். அவர் அப்படி வாயைத் திறந்துகொண்டு தூங்கி நான் கண்டதேயில்லை.

அம்மா, இனி என் பதில். அவருக்கு லீவு இருக்கிறது. ஆவணியில் மூன்று கிழமை கொடுத்துவிட்டார்கள். அந்தப் பொய்யை நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லவேண்டாம். நான் தனியாக வரமாட்டேன். அவரை ஓவசியர் மகனாக்கியும் கூட்டிவரமாட்டேன். இதை மதுமதிக்கு இப்போது சொல்லிவிடாதீர்கள். அவள் அப்பாவோடு சண்டைக்குப் போய்க் கல்யாணத்தையே குழப்பிவிடுவாள். நாங்கள் வரமுடியாமல் போனால், அவளுடைய தாலிகட்டு நேரத்தில் நான் இங்கே விளக்கேற்றி வைத்திருப்பேன் என்று பிறகு சொல்லுங்கள். அவளை மணவறையில் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பா, இனி எழுதுவது உங்களுக்கு. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதைவிட உங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் கூட. பந்தியில் உங்களுக்குப் பக்கத்தில் மூத்த மருமகன் இருக்கவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வருகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. இப்போதைக்கு ஒன்றே ஒன்றுதான்.

தபாலதிபராக இருந்த காலமெல்லாம் ஊரில் எத்தனை பேருக்கு நீங்கள் விலாசம் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். யார் வந்து கேட்டாலும் எழுதினீர்கள். மதுமதியின் கல்யாணக் கார்டு அச்சாகி வந்ததும் எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். உறையை அம்மாவிடம் கொடுக்காமல் நீங்களே எழுதுங்கள். திரு. சபாநாதன் ஐங்கரன் என்று உங்கள் கையெழுத்தில் இருந்தால் போதும் அப்பா. அதில் என் பெயரை எழுத இடமில்லாமல் போனாலும் நான் குறை நினைக்கமாட்டேன்.

எங்கள் இருவரையும் வாழ்த்துங்கள்.

என்றும் உங்கள் மகள்,
தக்சாயினி