நீலத் தாள் சிவந்தது

12-7-68, வெள்ளி இரவு

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் எடுக்கும் மூத்திரச் சோதனைக்காக இன்று லேபுக்குப் போனேன். லேப்காரர் நீல லிட்மஸ் தாளை மூத்திரத்தில் நனைத்தார். கண்ணெதிரே சிவந்தது. சீட்டில் ‘ஆசிட்’ என்று எழுதினார்.

போன வருஷம், என்னோடு சாயப்பட்டறையில் வேலை பார்த்த அண்ணனுக்கும் இப்படித்தான் சிவந்தது. அண்ணி பக்கத்திலேயே நின்று பார்த்தார். கொஞ்ச நாளில் அண்ணன் போய்விட்டார். பட்டில் சாயம் ஏறுவதற்குத் தொட்டியில் விடும் ஆசிட்தான் உடம்பில் ஏறிக் கொன்றுவிட்டது என்று வீடே நம்பியது. அதிலிருந்து அண்ணி தன் மகனைச் சாயப்பட்டறைப் பக்கமே விடுவதில்லை.

இதையெல்லாம் லேப்காரரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“இதுக்கா இப்டி வேர்த்துக்கினு நிக்கற? முக்காவாசி பேருக்கு ஆசிட்தாம்பா காட்டும். என்னுத நனைச்சாலும் செவக்கும். சாயத்துக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?”

வீட்டு வாசலிலேயே அண்ணி கேட்டார்.

“தாளு செவந்துதா தம்பி?”

“இல்ல அண்ணி.”

சிவந்தது என்றால் நடுங்கிப்போவார். எல்லாருக்கும் சிவக்கும் என்று சொன்னாலோ, வழியெல்லாம் என்னை அரித்த கேள்வி அவரையும் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் அண்ணன் எதனால் செத்தார்?