மாட்டுக் கொட்டகையில் வில் செய்கிறார்கள்

பொத்தோங் பாசிர், சிங்கப்பூர்
1964 ஆகஸ்ட் 16

என் கண்ணான மகள் லீலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. வீரமாகாளியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உன் தந்தி கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று பதில் தந்தி கொடுத்தது அப்பா. அதில் பொய் இல்லை, ஆனால் முழுவதும் அதில் இல்லை. நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பல் ஏறிவிடுவேன் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாய். வராதே அம்மா. அங்கே யாராவது கூட்டியும் குறைத்தும் சொல்லி நீ கேட்பதைவிட நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அழாதே, எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். முடிந்துவிட்டதா என்று கேட்டால் அதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை.

நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகை உனக்கு நினைவிருக்கும். நீ லண்டன் போன வருஷமே மாடுகளைப் பொங்கோல் பக்கம் விற்றுவிட்டோம், கொட்டகை சும்மா கிடந்தது. அப்பாவும் புக்கிட் தீமா பந்தயக் குதிரை லாயத்தில் வேலையை விட்டு வந்துவிட்டார், கை சும்மா இருந்தால் அவருக்கு உடம்பு முழுக்க வலிக்கும். கீரைத் தோட்டத்து லிம் பொழுது போகாத நேரத்தில் இரண்டு தந்திச் சீனப் பிடில் செய்வாரே, அவருக்கு லாயத்திலிருந்து குதிரைவால் முடி வாங்கிக் கொடுத்து வந்தது அப்பாதான். பிடில் வில்லுக்குக் குதிரைவால் முடிதான் கட்ட வேண்டுமாம். லிம்மின் அக்கா ஆ கிம் கேலாங் சிராயில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், விதவை. அவர் பக்கத்து வீட்டுக்காரர் யூசோப், மலாய்க் கல்யாணங்களில் பிடில் வாசிப்பவர், வில்லைப் பழுது பார்க்க ஆள் இல்லாமல் தவித்து ஆ கிம் சொல்லி லிம்மிடம் வந்தார். இப்படி மூன்று பேரும் சேர்ந்து, நம் கொட்டகையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வில் செய்யலாம் என்று கிளம்பினார்கள். சிராங்கூன் ரோட்டில் பிடில் சொல்லிக்கொடுப்பவர்கள் வில்லில் முடி மாற்றக்கூட மெட்ராசுக்கு அனுப்புகிறார்களாம், இங்கேயே செய்தால் என்ன என்று அப்பா கேட்டார்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மரத்தை வளைக்கக் கரி அடுப்பில் வாட்ட வேண்டும், பசை காய்ச்ச வேண்டும், மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. மூன்று வருஷத்துக்கு முன் புக்கிட் ஹோ சுவீயில் குடிசைகள் எரிந்த புகையை இங்கேயிருந்தே பார்த்தவள் நான். சொன்னால் அப்பா கேட்டால்தானே. சாணி ஊறிய தரையைக் கொத்தி எடுத்துச் சிமெண்டு போட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வெளிச்சத்துக்கு இரண்டு ஜன்னல் வெட்டினார்கள், தீவனத் தொட்டிகளில் மரக்கட்டைகளை நீளவாக்கில் அடுக்கினார்கள், மாடு கட்டும் தூண்களில் ஆணி அடித்து வால்முடியைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டார்கள். நான் என் பங்குக்கு மண்ணெண்ணெய் டின்களில் மணல் நிரப்பி வாசலில் வரிசையாக வைத்தேன். மூன்று பேரும் பேசிக்கொள்வது சந்தை மலாய், சண்டை வந்தால் அவரவர் பாஷை. உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போயிற்று. நெருப்பு ஒன்றுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன், மனிதர்களுக்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

போன மாசம் நபிகள் பிறந்த நாள் அன்று விடுமுறை. ஒரு கல்யாணத்துக்கு வில் தர வேண்டும் என்று யூசோப் ஊர்வலத்துக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டார். சாயங்காலம் லிம் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். கேலாங் பக்கம் சீனர்களும் மலாய்க்காரர்களும் அடித்துக்கொள்கிறார்கள், ரத்தம், தீ என்று சொன்னார். பிறகு ரேடியோவில் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நம் கம்பத்துக் குடியிருப்பு முழுக்கச் சீனர்கள், அதன் நடுவில் யூசோப். அவர் மனைவி மரியாம் நிறைமாசக் கர்ப்பிணி, மலாய்க்காரர்கள் நடுவே அந்த வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். அதற்கு அடுத்த கதவு ஆ கிம்மின் கடை. இவர் இங்கே மாட்டிக்கொண்டார், லிம்மின் அக்கா அங்கே மாட்டிக்கொண்டார். இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சோறு கொண்டுபோய் வைத்தேன், வைத்தபடியே இருந்தது.

மறுநாள் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியபோது சில வாலிபர்கள் கம்பும் கையுமாக நம் வாசலுக்கு வந்தார்கள். நம் கம்பத்துப் பிள்ளைகள் இல்லை, முகம் தெரியாதவர்கள். இங்கே வில் செய்கிறார்களாம், ஒரு மலாய்க்காரனும் இருக்கிறானாம், யாரைச் சுட அந்த வில் என்று கேட்டார்கள். பார்த்தாயா, சீனத்திலும் இரண்டு வில்லுக்கும் ஒரே பெயராம். லிம் வெளியே போய்ப் பாதி முடிந்த பிடில் வில் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, இதில் எந்த அம்பை வைப்பாய், வைத்துக் காட்டு என்றாராம். அதை வளைத்துப் பார்த்து ஒடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, சந்து முனைக் காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டார்கள். யூசோப் அந்த நேரம் முழுக்கக் கன்று கட்டும் மூலையில் சாக்குக்குப் பின்னால் குந்தியிருந்தார். நான் கொட்டகைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன் லீலா. இவர் எப்படியாவது போய்விட்டால் தேவலை என்றும் இருந்தது, போனால் என்ன ஆவாரோ என்றும் இருந்தது.

அவர்கள் திரும்பி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேலாங்குக்குள் லிம் போக முடியாது, நம் சந்து முனையைத் தாண்டி யூசோப் போக முடியாது. இரண்டு பக்கமும் போகக்கூடியவர் அப்பா ஒருவர்தான். நான் கூட்டிக்கொண்டு போகிறேன், வரும்போது ஆ கிம்மைக் கூட்டி வருகிறேன் என்றார், ஏதோ தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்வருவது போல. நான் அழுதேன், கையைப் பிடித்தேன், உன் பெயரைச் சொல்லிக்கூடக் கெஞ்சினேன். மரியாம் இருக்கும் நிலையில் நம் லீலா இருந்தால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டார். மறுநாள் காலை தளர்த்தியதும் கிளம்ப ஏற்பாடு. யூசோப்புக்கு அப்பாவின் வேட்டியும் சட்டையும் கொடுத்தேன், தம்பி கறுப்புதான், வேட்டியில் பார்த்தால் நம்மவர் போலத்தான் இருந்தார். பிறகு திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். நெற்றியில் பட்டையாக இட்டுவிட்டால் ஒருவனும் தொடமாட்டான் என்று அந்த நேரத்துப் புத்தி. அவர் ஒரு அடி பின்னால் போனார். மலாயில் அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன், கக்கா என்றால் அக்கா.

"கக்கா, வேட்டி கட்டிக்கிட்டேன். உங்க தம்பின்னு சொன்னாலும் சரிங்கிறேன். நெத்தியில மட்டும் வேணாம். பொய்க்காகப் பூசினா உங்க சாமிக்கும் மரியாதை இல்ல, எனக்கும் இல்ல."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அப்பாவின் நெற்றியில் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இட்டுவிட்டேன். லிம் முன்னால் போய்க் காப்பிக் கடையில் அந்த வாலிபர்களோடு உட்கார்ந்து, சிகரெட் கொடுத்து, மழையைப் பற்றியும் கீரை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அப்பா சைக்கிள் மிதிக்க யூசோப் பின்னால் உட்கார்ந்து அவர்கள் முன்னாலேயே போனார்கள். ஒருவன் யார் அது என்று கேட்டதற்கு, என் பெயரைச் சொல்லி, பால்காரி சிவகாமியின் தம்பி, வயிற்றுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்றாராம் லிம்.

திரும்பி வர வேண்டிய நேரம் வந்தது. ஊரடங்கு நேரமும் வந்தது. அப்பா வரவில்லை. அந்தப் பகல் எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன், சத்தம் தேய்ந்ததும் உட்காருவேன். ரேடியோவில் செத்தவர்கள் கணக்குச் சொல்ல ஆரம்பித்ததும் அணைத்துவிட்டேன். லிம் கொட்டகையில் இழைப்புளியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார், ஒரு சுருள்கூட விழவில்லை. நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனாலும் என்னைப் பார்த்து, "என் அக்காவுக்காகத்தான் போனாரு, அவரு வரலன்னா நான் இந்தக் கொட்டகைப் பக்கமே வரமாட்டேன்" என்றார். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் காலை தளர்த்தியதும் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், தலையில் கட்டிய துணி முழுக்க ரத்தம், ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஒரு மலாய்ப் பெண். மலாய்ப் பெண்கள் உடுத்தும் நீளச் சட்டையும் பாவாடையும், பாஜு கூரோங். கிட்டே வந்த பிறகுதான் ஆ கிம் என்று தெரிந்தது. நடந்தது இதுதான். கலவரத்தன்று அவர் கடையை உடைத்துச் சாமான்களை ரோட்டில் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டிருந்தபோதே மரியாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து இவரை இழுத்துப்போய்த் தன் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, அதே கட்டிலில் பிரசவ வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாளாம். தேடி வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அப்பா யூசோப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் தெருவில் நிலைமை சரியில்லை என்று இவர்கள் அவரை வெளியே விடவில்லை, அதனால்தான் அன்று வரவில்லை. மறுநாள் மரியாமின் துணியை ஆ கிம்முக்கு உடுத்தி, தலையில் முக்காடும் போட்டு அனுப்பினார்கள். கேலாங்கைத் தாண்டும்வரை அந்த முக்காடு காப்பாற்றியது. மெக்பர்சன் ரோட்டுக்கு வந்ததும் அதே முக்காட்டைப் பார்த்துத்தான் கல் வந்தது. அப்பாவின் இடது காதுக்கு மேலே பட்டு, சைக்கிளோடு விழுந்தார்களாம். ஆ கிம் முக்காட்டை இழுத்து அவிழ்த்துவிட்டுச் சீனத்தில் கூச்சல் போட்டதும் எறிந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

யார் எறிந்தது என்று கேட்டேன். "தெரியல. தெரியாம இருக்கிறதுதான் நல்லது" என்றார் அப்பா, அதோடு சரி. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், புண் ஆறிவிட்டது. ஆனால் அந்தக் காது மந்தமாகிவிட்டது, அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். நீ நர்ஸ் படிப்பவள், அது திரும்ப வருமா என்று விசாரித்து எழுது, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஆ கிம் இப்போது லிம் வீட்டில் இருக்கிறார். முன்போல் பேசுவதில்லை. கிணற்றடியில் துணி அலசும்போது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார், "என் பாஷையில திட்டிக்கிட்டேதான் எறிஞ்சாங்க அக்கா, என் தம்பிகிட்ட சொல்லாதீங்க." நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், இவ்வளவு பாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

ஊரடங்கை எடுத்துவிட்டார்கள், பஸ் ஓடுகிறது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மரியாமுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். ஆனாலும் கடைத்தெருவில் ஒரு தகரம் விழுந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள். மறுபடி வரும் என்று சிலர் சொல்கிறார்கள், வராது என்று சொல்பவர்களும் அரிசியைக் கூடுதலாக வாங்கி வைக்கிறார்கள். கொட்டகை இனிமேல் வேண்டாம், பூட்டிவிடுங்கள் என்று நான் அப்பாவின் காலைப் பிடிக்காத குறை. போன வாரம் லிம் தானாக வந்து அடுப்பை மூட்டினார். யூசோப் இன்றைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். பஸ் நிற்குமிடத்திலிருந்து நம் வீடு வரைக்கும் அந்தச் சந்தில் அவர் தனியாக நடக்க வேண்டும், நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று அப்பா சட்டையை மாட்டினார். பின்னால் யாராவது ஓடி வந்தால் அவருக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும். அதனால் நீங்கள் இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் போனேன் லீலா. காப்பிக் கடையில் ஆட்கள் இருந்தார்கள், யார் என்று நான் பார்க்கவில்லை. எனக்கும் பயம், அந்தத் தம்பிக்கும் பயம், இருந்தாலும் இரண்டு பேரும் நடந்தோம். சாயங்காலம் திரும்பவும் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நாளைக்கும் நான்தான் போக வேண்டும்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே, கப்பல் பேச்சை விட்டுவிட்டுப் பரீட்சையைப் பார். காது விஷயத்தை மறக்காமல் விசாரித்து எழுது, என் பெயருக்குத் தனியாக எழுது. அம்மன் உன் நெற்றியிலும் உன் வழியிலும் காவலாக நிற்கட்டும், தீர்க்காயுசாக இரு.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா சிவகாமசுந்தரி