மெத்தை போட்டால் மட்டும் கூடுதல் வரியா?

அனுப்புநர்
தாமரை தம்புசாமி,
மெத்தை தைக்கும் பிரிவு,
நாற்காலித் தொழிற்சாலை,
மேரு, கிள்ளான்.

பெறுநர்
திரு. பக்தவத்சலம் அவர்கள்,
ஏற்றுமதிப் பிரிவு அதிகாரி,
கோலாலம்பூர்.

பொருள்: மெத்தை நாற்காலிக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரியைக் குறைக்கப் பேசும்படி கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. எங்கள் தொழிற்சாலை மரப் பிரிவில் என் கணவர் தம்புசாமி நாற்காலி செய்கிறார். நடுவில் உள்ள தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் அதற்கு மெத்தை தைத்துப் போடுகிறோம். வெறும் மர நாற்காலி அமெரிக்காவுக்குப் போனால் பத்தொன்பது விழுக்காடு வரி. அதே நாற்காலி எங்கள் மெத்தையோடு போனால் இருபத்தைந்து. அதனால் அங்கே வாங்குகிறவர், வெறும் நாற்காலியே போதும், மெத்தையை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

2. இப்போது என் கணவர் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம். எங்கள் பக்கம் தையல் மெஷின்களைத் துணி போர்த்தி வைத்திருக்கிறோம். "உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும், என் மெத்தையால்தான் விற்கிறது" என்று இத்தனை வருடம் அவரைக் கிண்டல் செய்தவள் நான். இன்று அவர், "உன் மெத்தைதான் லா கப்பலுக்குப் பாரமாப் போச்சு!" என்று சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது ஐயா, மறைக்கவில்லை.

3. போன வாரம் தாங்கள் வந்தபோதும் மரப் பிரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நாங்கள் பவுடர் போட்டுக் காத்திருந்தது வீண்.

4. தொழிற்சங்கத்து நிஜாம் அண்ணன் விளக்கினார். அந்தக் காலத்தில் அமெரிக்க அரசாங்கமே பெரும்பாலும் துறைமுக வரியில்தான் ஓடியதாம். 1930-இல் வெளிநாட்டுச் சரக்குக்கெல்லாம் வரியை ஏற்ற, மற்ற நாடுகளும் பதிலுக்கு ஏற்ற, வியாபாரம் படுத்துக்கொண்டதாம். பிறகு பேசிப் பேசிக் குறைத்தவர்கள் இப்போது திரும்பவும் ஏற்றுகிறார்கள். அங்கேயும் நாற்காலிப் பட்டறைகள் மூடிக் கிடக்கின்றனவாம், அரசியல்வாதிகளுக்கு அந்த ஊர் ஓட்டும் வேண்டுமாம். எங்களைப் பார்த்து அந்தப் பட்டறைக்காரர்கள் எரிவது புரிகிறது. எனக்கும் அதே வியாதிதானே.

5. ஆனால் பொங்கலுக்குள் எங்கள் பிரிவை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்காவது கணவர் சம்பளம் உண்டு. என் பக்கத்து மெஷின் லெட்சுமி தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கிறாள். அவள் எங்கே போவாள்?

ஆகவே, அமெரிக்காவோடு அடுத்துப் பேசும்போது மெத்தை வரியையும் மர வரியளவுக்கு இறக்கச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் இழுத்தடித்தால், பேச்சுவார்த்தை மேசையைச் சுற்றி மெத்தையில்லாத நாற்காலிகளாகப் போடுங்கள். என் கணவர் செய்ததையே அனுப்பி வைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வழிக்கு வந்துவிடுவார்கள்.

இடம்: கிள்ளான்
நாள்: 18.11.2025

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
தாமரை தம்புசாமி